மக்களுக்குப் புரியாதாமே!

செம்மநத்தம் என்று ஒரு ஊர். சேலத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற்காடு போய், அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இன்னும் உள்ளே போக வேண்டும். படகுச் சவாரி இல்லை, வியூ பாயிண்ட் இல்லை, மிளகாய் பஜ்ஜி இல்லை. அதனால் டூரிஸ்ட் தொல்லையும் இல்லை. பி.காம். படித்த காலத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பன் இப்போது அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மிளகு, காப்பிக் கணக்கு எழுதுகிறான். 'பொங்கலுக்கு மலைக்கு வாடா, பழம் பறிக்கிற நேரம், பார்க்க நல்லா இருக்கும்' என்றான். போனேன்.

காப்பி விளைகிற ஊரில் டீக்கடை! அதில் உட்கார்ந்திருந்தபோது அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பழம் பறித்துவிட்டு வருகிறார், விரலெல்லாம் கறை. சட்டைப் பையில் செல்போன். அதில் 'நிழல்கள்' (1980) படத்தில் தீபன் சக்ரவர்த்தியும் உமா ரமணனும் பாடிய அந்த டூயட் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டு என்று உங்களுக்கே தெரியும். பல்லவி வரும்போது மனிதர் பேசாமல் டீயை ஊதிக்கொண்டிருந்தார். பல்லவி முடிந்து இடையிசை ஆரம்பித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வயலின் கூட்டம் ஏறுகிற இடம், இறங்குகிற இடம், ஒரு கூட்டம் கேட்க இன்னொரு கூட்டம் பதில் சொல்கிற இடம், எல்லாவற்றையும் வாயாலேயே வாசித்தார். ஒரு இடம் பிசகவில்லை.

'பாட்டைப் பாடாம இதைப் பாடறீங்களே அண்ணே?' என்று கேட்டேன்.

'பாட்டை யார் வேணா பாடிருவாங்க சார். அத்தனை பேரும் ஒண்ணா கிளம்புவாங்க பாருங்க, அதுக்காகத்தான் இதைக் கேக்கறதே.'

(அவர் மலையாளி. கேரளாக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்வராயன் மலையில் காலங்காலமாக வாழும் பழங்குடிகளுக்கு அதுதான் பெயர். மலையை ஆள்பவர்கள். பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தோம் என்று பாட்டன் பூட்டன் கதை சொல்வார்கள்.)

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், அதற்குப் பத்து நாள் முன்புதான் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மார்கழி சீஸன். குளிர்சாதன அரங்கம், வாசலில் ரவா தோசை. கலையுலகில் பெரிய மனிதர் ஒருவர் மைக்கைப் பிடித்து, 'சிம்பொனி, ஆர்க்கெஸ்ட்ரா என்பதெல்லாம் உயர்ந்த விஷயம். நம் ஜனங்களுக்கு அது எட்டாது. அவர்களுக்குக் குத்துப்பாட்டு போதும்' என்றார். முன்வரிசை தலையாட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தூக்கத்தில் ஆட்டினார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

நாற்பது வயலின்கள் என்ன பேசிக்கொள்கின்றன என்று செம்மநத்தத்துக் காப்பித் தொழிலாளிக்குத் தெரிகிறது. அவருக்கு எட்டாது என்று ஆழ்வார்பேட்டையில் தீர்மானம் போடுகிறார்கள். இதில் யாருக்கு எது எட்டவில்லை?

2025 மார்ச் 8ஆம் தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. அதற்கு முன்பே முதல்வர் ஸ்டாலின் அவர் வீடு தேடிப் போய் வாழ்த்தினார். திரும்பி வந்தபின் பிரதமரை டெல்லியில் சந்தித்தார். செப்டம்பரில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் அரசு விழா. ஊரெங்கும் 'தமிழன் லண்டனை வென்றான்' போஸ்டர். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது, மறைக்க மாட்டேன். பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியப் பெட்டியோடு கிளம்பி வந்தவர் அந்த மேடைக்குப் போய் நிற்பது லேசான காரியமா?

ஆனால் நான் காமர்ஸ் படித்தவன். எல்லாரும் கை தட்டி முடித்ததும் பில்லை யார் கொடுத்தார்கள், சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கிற புத்தி போகாது. பார்த்தேன். இசை நம்முடையது, வாசித்தவர்கள் அவர்கள். 1993ல் அதே ராயல் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து ராஜா ஒரு சிம்பொனி பதிவு செய்தார், அது வெளிவராமலே போனது தனிக்கதை. 2005ல் 'திருவாசகம்'. மாணிக்கவாசகருக்கு வயலின் வாசித்தவர்கள் ஹங்கேரியின் புடாபெஸ்ட்காரர்கள். இன்றைக்கும் பெரிய பட்ஜெட் படமென்றால் நம் இசையமைப்பாளர்கள் புடாபெஸ்ட், மாசிடோனியா என்று விசா வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஏழு கோடிக்கு மேல் ஜனத்தொகை. பழங்கால இசைக் கல்வெட்டு முதல் இன்றைய ரியாலிட்டி ஷோ வரை வாய் ஓயாமல் பெருமை. மாதச் சம்பளம் வாங்கி வாசிக்கிற முழு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றுகூட இந்த மாநிலத்தில் கிடையாது. இந்தியாவுக்கே சொல்லிக்கொள்ள இருப்பது மும்பையில், 2006ல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. அதிலும் ஆரம்பத்தில் வாசித்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள். தொடங்கிய இருவரில் ஒருவரான மரட் பைசெங்கலியேவ் கஜகஸ்தான் வயலின் கலைஞர்.

'அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கெதற்கு?' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கும்பெனியாரின் பேண்டு வாசிக்கும். மணலி முதலியார் வீட்டு ஆதரவில் இருந்த முத்துசுவாமி தீட்சிதர் அதைக் கேட்டார். முகம் சுளிக்கவில்லை. அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதாம் நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டுக்கும் ஒரு பாட்டு உண்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி நடக்குமா? மும்மூர்த்திகளில் ஒருவருக்கு ஆகாத தீட்டு உங்களுக்கு எப்படி சார் ஆகிறது?

சரி, சென்னைக்கு ஆர்க்கெஸ்ட்ராவே இருந்ததில்லையா? இருந்தது. பெயர்ப்பலகை மட்டும்தான் இல்லை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் காலை ஏழு மணிக்கு வயலின் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்தான் அந்த ஆர்க்கெஸ்ட்ரா. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் நோட்டேஷன் கற்றவர்கள், லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சைக்கு ராப்பகலாகப் படித்தவர்கள், சர்ச்சில் வாசித்துப் பழகியவர்கள், கச்சேரி வயலினிலிருந்து கட்சி மாறி வந்தவர்கள். ராஜா காலையில் எழுதிய தாளை முன்னே வைத்தால், ஒத்திகை பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் பாட்டை முடித்துக் கொடுப்பார்கள். மறு மாதம் அது சிலோன் ரேடியோ வழியாக, விவித பாரதி வழியாக, டவுன் பஸ் டேப் ரிக்கார்டர் வழியாக செம்மநத்தம் வரைக்கும் ஏறிவிடும். 'ராஜ பார்வை'யில் (1981) கண் தெரியாத கமல் வயலின் வாசித்தபோது தியேட்டரில் விசில் பறந்ததே, திரைக்குப் பின்னால் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். அதே நரசிம்மன்தான் 1986ல் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலும் வயலின் வாசித்தார். பாக்கையும் தியாகராஜரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்த அந்த கேசட் சலூன்களிலும் டீக்கடைகளிலும் தேய்ந்தது. பாட்டே இல்லாத கேசட் சார் அது!

உலகத்துப் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் எல்லாம் இன்று தலையில் கை வைத்துக்கொண்டு யோசிக்கிற விஷயம், ஜனங்களை எப்படி எட்டுவது என்பது. நாம் இன்னது செய்கிறோம் என்று தெரியாமலே அதைச் செய்து முடித்தோம். ஒரு நகரத்தின் ஆர்க்கெஸ்ட்ரா மாநிலம் முழுவதையும் ரசிகர்களாக வைத்திருந்தது. ஜனங்கள் இழைகளைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள், ஒரு விரிவுரை கூட இல்லாமல். பிறகு அந்த ஆர்க்கெஸ்ட்ராவைப் பட்டினி போட்டோம்.

இதை நான் காதால் கேட்டதை விடக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதுவும் வவுச்சரில். 2001 வாக்கில் ஒரு ஆடிட்டரிடம் எடுபிடியாக இருந்தேன். வடபழனிப் பக்கம் ஒரு சினிமா கம்பெனியின் பழைய காகிதங்களை எடைக்குப் போடுவதற்கு முன் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். தூசு, கரப்பான், நடுவே கட்டுக் கட்டாக வாத்தியக்காரர்கள் சம்பள வவுச்சர். 1984ஆம் வருஷக் கட்டில் ஒரு பாட்டுக்கு இரண்டு தாள் நிறையக் கையெழுத்து. வயலின் என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஒரு பக்கம் முழுக்க. ரெவின்யூ ஸ்டாம்பு மேல் ஏறி இறங்கிய கையெழுத்துகள், தமிழில், தெலுங்கில், மலையாளத்தில், ஒன்றிரண்டு ஆங்கிலோ இந்தியப் பெயர்கள். 1990ல் ஒரு தாள். 1998ல் அரைத் தாளில் ஐந்து கையெழுத்து. அதில் முதல் பெயருக்கு எதிரே 'கீபோர்டு' என்று எழுதியிருந்தது. அவருடைய தொகை மட்டும் மற்ற நாலு பேருடையதையும் கூட்டினால் வருவதை விட அதிகம்.

நான் பட்டியல் எடுத்தேன். லாரி வந்து எடுத்துக்கொண்டு போனது. அந்த 1984ஆம் வருஷத் தாளில் இரண்டையாவது உருவி வைத்துக்கொள்ளாமல் விட்டேனே என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கீபோர்டைக் குற்றம் சொல்லவில்லை. 1986ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு ராஜாவே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியிருக்கிறார். 1992ல் 'ரோஜா' வந்தபோது தேசமே அந்தச் சத்தத்தில் மயங்கியது, நானும்தான். தயாரிப்பாளர் லாபம் பார்ப்பார், அது அவர் தர்மம். அறுபது பேர் சம்பளத்தை ஒரு பெட்டி மிச்சம் பிடித்துத் தருமென்றால் பெட்டியைத்தான் வாங்குவார். என் கோபம் அவர் மேல் இல்லை. தயாரிப்பாளர் கைவிட்ட பிறகு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் இருந்தார்களே, அவர்கள் மேல். நாள்தோறும் பண்பாடு, பண்பாடு என்று முழங்குகிற அரசுகள், வரிசையாக எல்லாமும்தான். கலைக்கென்று அறக்கட்டளை வைத்திருக்கிற கம்பெனிகள். மார்கழியில் மட்டும் கண் விழிக்கிற சபாக்கள்.

'ஜனங்கள் விரும்பினால் டிக்கெட் வாங்கட்டும், தானாக நடக்கும்' என்பார்கள். நடக்காது. இது என் அபிப்பிராயம் இல்லை, பொருளாதாரம். 1966ல் பௌமோல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் நாலு பேர் அரை மணி நேரம் வாசித்த ஒரு உருப்படிக்கு இன்றைக்கும் அதே நாலு பேர், அதே அரை மணி வேண்டும். நெசவில் தறி வேகமாகிவிட்டது. வங்கியில் பத்து பேர் வேலையை ஒருவர் செய்கிறார். வயலினை வேகமாக இழுத்து உற்பத்தியைப் பெருக்க முடியுமா? மற்றவர்கள் சம்பளம் ஏற ஏற, வாத்தியக்காரர் செலவும் ஏறும். டிக்கெட் வருமானம் பின்தங்கிக்கொண்டே போகும். அதனால்தான் ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்க்கெஸ்ட்ராக்களை அரசும் நகரசபைகளும் பொதுப்பணத்தில் வைத்துக் காப்பாற்றுகின்றன. ஆஸ்பத்திரி, நூலகம், பூங்கா மாதிரி அதுவும் ஒரு செலவு. தியாகராய நகர் நடேசன் பூங்கா இந்த மாதம் எவ்வளவு லாபம் காட்டியது என்று யாராவது கேட்கிறோமா?

'குடிதண்ணீர் இல்லாத நாட்டில் வயலினா?' என்ற கேள்வி அடுத்து வரும். நல்ல கேள்வி. ஆனால் மணிமண்டபம் கட்டும்போதும் வளைவு எழுப்பும்போதும் ஏன் அது ஞாபகத்துக்கு வருவதில்லை? என் கணக்கைச் சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது பேர். ஆளுக்கு மாதம் 40,000 ரூபாய். மாதம் 24 லட்சம், வருஷம் 2 கோடியே 88 லட்சம். வாத்தியம், பஸ், ஒத்திகைக் கூடம், கண்டக்டர், ஊர் ஊராகச் சாப்பாடு என்று இன்னொரு மடங்கு போடுங்கள். ஆறு கோடியைத் தொடவில்லை. ஒரு பெரிய ஹீரோவின் ஒரு படச் சம்பளம் என்று பத்திரிகைகள் எழுதுகிற தொகை இருக்கிறதே, அதை வங்கியில் போட்டால் வட்டியிலேயே இந்த ஆர்க்கெஸ்ட்ரா நடக்கும். அசலைத் தொட வேண்டாம்.

மாதச் சம்பளம், பென்ஷனோடு மேற்கத்திய நோட்டேஷன் வாசிக்கிற ஆட்கள் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள், தெரியுமோ? போலீஸ் பேண்டு. சுதந்திர தினத்தன்று கோட்டையில் வாசிப்பார்கள். தீட்சிதர் கேட்ட அதே கோட்டை. ஆக, கொள்கை அளவில் அரசுக்கு ஆட்சேபணை இல்லை. காக்கி போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எட்டாக்கனி என்கிற வாதத்துக்கு வருகிறேன். 2007ல் சென்னை சங்கமம் நடந்தபோது பூங்காவிலும் பீச்சிலும் தெருமுனையிலும் கலைஞர்களை நிறுத்தினார்கள். நாதஸ்வரமும் பறையும் கர்நாடக இசையும் ஒரே வாரத்தில் ஊருக்குள் இறங்கின. கூட்டம் வந்ததா இல்லையா? 2011ல் ஆட்சி மாறியதும் விழா நின்றுபோனது, 2023ல்தான் திரும்ப வந்தது. (கலைக்கும் கட்சிக்கரை வேட்டி கட்டிவிடுகிற ஊர் இது.) 2015ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவில் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் விழா எடுத்தார்கள். அதைக் கேலி செய்தவர்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள்? பெர்லின் ஃபில்ஹார்மோனிக் 1882ல் பிறந்தது, அதை விடக் கௌரவமான ஆர்க்கெஸ்ட்ரா சுலபத்தில் கிடைக்காது. அதன் தலைவராக இருந்த சைமன் ராட்டில், 2003ல் பள்ளிப் பிள்ளைகள் 250 பேரை, பெரும்பாலும் ஏழைப் பேட்டைகளிலிருந்தும் அகதிக் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்களை, ஸ்ட்ராவின்ஸ்கிக்கு ஆடவைத்தார். அவர்களுக்கு எட்டுமா என்று கமிட்டி போடவில்லை. வெனிசுலாவில் 1975ல் ஆப்ரியு என்பவர் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய திட்டத்திலிருந்துதான் டுடமேல் மாதிரி உலகம் கொண்டாடும் கண்டக்டர் வந்தார். ஆப்ரியு, கவனியுங்கள், பொருளாதாரம் படித்தவர்.

நம்மிடமும் நடந்திருக்கிறது. ரஹ்மான் 2008ல் சென்னையில் இசைக் கல்லூரி தொடங்கினார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக வயலினும் செல்லோவும் கற்றுக்கொடுத்து 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா' உருவாக்கினார். தனி மனிதர் செய்தது இது. அந்தப் பிள்ளைகள் தேறி வெளியே வந்து எங்கே வேலைக்குப் போவார்கள்? கல்யாண ரிசப்ஷனுக்கா?

சொன்னால் கோபப்படுவீர்கள், ரிசப்ஷனில் கூட இப்போது ஆள் குறைவு. நான் போன ஒரு மலைவாசஸ்தலத்துக் கோடை விழாவில் 'இன்னிசைக் கச்சேரி' என்று பேனர். மேடையில் இரண்டு பாடகர்கள், ஒரு லேப்டாப், ஒரு பென் டிரைவ். வயலின் சத்தம் வருகிறது, வயலின் இல்லை. ஒரு சின்னப் பையன் மேடையைச் சுற்றிப் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். அவன் அப்பா, 'அங்க யாரும் இல்லடா, வா' என்று இழுத்துக்கொண்டு போனார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சென்னையில் அறுபது பேர். கோடம்பாக்கத்தில் வயலினை பரண் மேல் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் கை நடுங்காதவர்களும், சன்ஷைன் மாதிரி இடங்களில் படித்து வந்த பிள்ளைகளும். அரசு இசைப்பள்ளிகளிலிருந்து நாதஸ்வரம், தவில்காரர்களையும் சேருங்கள். யார் வேண்டாம் என்றது? வருஷத்தில் ஆறு மாதம் சென்னையில், ஆனால் ஆழ்வார்பேட்டையில் மட்டும் வேண்டாம். வியாசர்பாடியில், எண்ணூரில், பெரும்பாக்கத்தில் வாசிக்கட்டும். மீதி ஆறு மாதம் மாவட்டங்கள். முதல் ரீலில் பீத்தோவன், இரண்டாவது ரீலில் ராஜா, விஸ்வநாதன், கே.வி. மகாதேவன். 'வேலியன்ட்' நோட்டுப் புத்தகமும் லண்டனில் மட்டும் தூங்க வேண்டியதில்லை.

கிளம்புகிற அன்று அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். டீக்கடை பெஞ்சில் வைத்துத்தான். 'அறுபது பேரா? அறுபது பேரும் நிஜமா உக்காந்து வாசிப்பாங்களா?' என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் காப்பி உலர்த்துகிற களத்தைக் கையால் காட்டி, 'தையில வேணாம் சார், களத்துல காப்பி காயும். மாசி கடைசியில வரச் சொல்லுங்க, இடம் காலியா இருக்கும். கரண்டுக்குப் பக்கத்துத் தோட்டத்துல கேட்டுக்கலாம்' என்றார்.

இடமும் தேதியும் கிடைத்துவிட்டன. மேலே போட்ட கணக்கில் பிழை இருந்தால் காமர்ஸ் படித்தவர்கள் எழுதுங்கள், அடுத்த வாரம் திருத்திப் போடுகிறேன்.